சூலத்தில் கட்டிய மஞ்சள் துணிக்குள் இருப்பது

என் மகளுக்கு மேல்தாடை ஆபரேஷன் நடப்பதற்கு முந்தின நாள், அந்த ஆபரேஷனில் மற்ற எல்லாவற்றையும்விடத் துல்லியமாக இருக்க வேண்டிய ஒரு பொருளைக் கற்பூரத் தட்டில் வைத்து ஆரத்தி காட்டச் சொன்னவன் நான். சூடு பட்டால் அது வளையும் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். இருபத்தாறு வருடமாக பீன்யா தொழிற்பேட்டையில், அச்சுகள் செய்கிற ஒரு டூல் ரூமில் தர ஆய்வாளராக இருக்கிறேன். வெயிலில் கிடந்த உருப்படியை உடனே அளக்கக் கூடாது, ஏசி அறையில் ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று புதிதாக வருகிற எல்லாருக்கும் வகுப்பு எடுக்கிறவன். சூட்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் கேண்டீனில் பக்கத்து நாற்காலி காலியாகிவிடும்.

நம் ஜீவனஹள்ளி அங்காளம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள், சூலத்தில் ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தொட்டில் இல்லை, கண்மலர் இல்லை, பின்னே உள்ளே என்னதான் இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்கிறார்களாம். பூசாரி முனுசாமி அண்ணன் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். "நீங்களே எழுதிக் குடுத்துடுங்க சார், திருவிழா மலர்ல போட்டுடலாம். நான் சொன்னா எவனும் நம்ப மாட்டேங்கிறான்" என்றார்.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு சிறு பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் நான். இதுபோன்ற அருள் அனுபவங்களைக் கிண்டல் செய்து இரண்டு பக்கம் எழுதி, பாராட்டும் வாங்கியிருக்கிறேன். அதைப் படித்துச் சிரித்தவர்கள் இதையும் படிக்கக் கூடும். சிரிக்கட்டும். இதை நான் சிரித்துக்கொண்டே எழுதவில்லை.

என் மகள் சங்கீதாவுக்கு இருபத்து மூன்று வயது. வைட்ஃபீல்டில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை. வளர வளர அவளுடைய கீழ்த்தாடை ஒழுங்காக வளர்ந்தது; மேல்தாடை பின்தங்கிவிட்டது. பின்தங்கியதோடு வலது பக்கம் கொஞ்சம் ஏறியும் இருந்தது. முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. பிஸ்கட்டை முன்பல்லால் கடிக்க முடியாமல் கடைவாயில் வைத்து உடைப்பாள். சில எழுத்துகளில் காற்று கசியும். ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுத்தான் பேசுவாள். வீட்டில் நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் அன்பு என்று நினைத்திருந்தோம்.

அவளே டாக்டரைக் கண்டுபிடித்தாள். அவளே பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்டாள். ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லியைப் பிட்டபடி, "மாசி மாசம் ஆபரேஷன்பா. மேல்தாடைய அறுத்து, கழட்டி, முன்னாடி தள்ளி வெச்சு, தகடு போட்டு முடுக்கிடுவாங்க" என்றாள். என் மனைவி மல்லிகா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். 'முடுக்கிடுவாங்க' என்ற சொல் மட்டும் எனக்குக் கொஞ்சம் தெம்பைத் தந்தது. மற்றதெல்லாம் எனக்குத் தெரியாத துறை. முடுக்குவது தெரியும்.

டாக்டர் வீணாவைப் பார்க்கப் போனோம். கன்னடக்காரர், தமிழ் சரளமாகப் பேசுவார். கம்ப்யூட்டர் திரையில் என் மகளின் முகத்து எலும்பு சுழன்றது. தோல் இல்லை, கண் இல்லை, ஆனால் அவள்தான். மவுஸை நகர்த்தினார்; மேல்தாடை மட்டும் தனியே பிரிந்து முன்னால் வந்து, வலது பக்கம் இறங்கி, நேராக நின்றது. பயத்தை மறைக்க எனக்கு ஒரு வழிதான் தெரியும்.

"டாலரன்ஸ் எவ்ளோ மேடம்?" என்றேன். எவ்வளவு வரைக்கும் தவறலாம் என்று அர்த்தம்.

மேசைக்கடியில் சங்கீதா என் காலை மிதித்தாள்.

"ரெண்டு மில்லிமீட்டருக்குள்ள வந்தா பரவாயில்லைன்னு பொதுவா சொல்வாங்க சார். நாங்க ஒண்ணுக்குள்ள கொண்டு வரப் பாப்போம்."

"ரெண்டு மில்லிமீட்டரா? எங்க டூல் ரூம்ல ரெண்டு மில்லிமீட்டர் தப்பினா அதை அளவுன்னே சொல்ல மாட்டோம் மேடம், ஆக்சிடென்ட்னு சொல்வோம்."

அவர் கோபப்படவில்லை. "நோடி சார், பாருங்க, உங்க இரும்புக்கு ரத்தம் வராது. வீங்காது. மூச்சு விடாது. அதுக்கு ஒரு அம்மா வெளியில உக்காந்து அழ மாட்டாங்க" என்றார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். முன்பெல்லாம் பல்லை அச்செடுத்து, பிளாஸ்டர் மாதிரியைக் கையால் அறுத்து ஒட்டிப் பார்ப்பார்களாம். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் தவறு சேரும். இப்போது ஸ்கேன் எடுத்து, திரையிலேயே தாடையை நகர்த்தி, அந்தப் புதிய இடத்துக்கு ஏற்ற ஓர் அச்சைப் பிரிண்ட் எடுக்கிறார்கள். ஸ்ப்ளிண்ட் என்று பெயர். குதிரை லாடம் போன்ற ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டு. மேல்பற்களும் கீழ்ப்பற்களும் அதில் பதிந்து உட்காரும்.

"ஆபரேஷன் நடுவுல மேல்தாடை கழண்டு என் கையில இருக்கும் சார். உயரத்த நான் தனியா அளந்துக்குவேன். முன்னாடி எவ்ளோ, எந்தப் பக்கம் திரும்பணும்னு சொல்றது இந்தத் துண்டு ஒண்ணுதான். இது கரெக்டா இருந்தா நானும் கரெக்ட்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைப் போன்ற ஒரு துண்டின் கௌரவத்தை என்னைவிட யார் அறிவார்? அதைச் செய்கிற லேப் பீன்யாவில், என் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. "நானே வாங்கிட்டு வந்துடறேன் மேடம். கூரியர்காரன் தூக்கிப் போடுவான்" என்றேன். இந்த இடத்தில் என் குரலில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். வியாழன் மதியம் மல்லிகாவும் சங்கீதாவும் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டார்கள். நான் லேபுக்குப் போனேன். மஞ்சுநாத் என்பவர் ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே ஸ்ப்ளிண்ட். கூடவே, கண்குழியிலிருந்து முகவாய் வரைக்கும் என் மகளின் முக எலும்பு, வெள்ளைப் பிளாஸ்டிக்கில், அசல் அளவில். டாக்டர் அதன்மேல் தகடுகளை வளைத்துப் பார்ப்பாராம். மஞ்சுநாத் ஸ்ப்ளிண்டை அந்த மேல்பல் வரிசையில் வைத்து விரலால் அழுத்திக் காட்டினார். அசையாமல் உட்கார்ந்தது.

"பிசில்ல வெக்காதீங்க சார். காரு டேஷ்போர்டு மேல பேடா" என்றார். வெயில் பட வேண்டாம் என்கிறார். எனக்கே சொல்கிறார். சிரித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உயிரோடு இருக்கிற மகளின் மண்டையோட்டை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்வது எப்படி இருக்கும் என்று இதுவரை யாரும் எழுதி நான் படித்ததில்லை. நிறையப் படித்தவன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. பெட்டியின் மூடி சரியாக மூடவில்லை. பிளவு வழியாக ஒரு கண்குழி தெரிந்தது. பெட்டியைத் திருப்பி வைத்தேன். இப்போது பற்கள் தெரிந்தன. அந்தச் சாய்வு. நாங்கள் யாரும் பேசாத அந்தச் சாய்வு, தோலில்லாமல், மறைக்க ஏதுமில்லாமல்.

கண்டக்டர் பெட்டியைத் தட்டினார். "ஏனு சார், ஸ்வீட்டா?"

"ஹவுது" என்றேன். ஆமாம் என்று. வேறு என்ன சொல்வது?

வீடு வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நேராக வீட்டுக்குப் போக முடியவில்லை. கால்கள் கோயிலுக்குத் திரும்பின. புது வண்டியின் சாவி, பரீட்சை ஹால் டிக்கெட், முதல் மாதச் சம்பளக் கவர் என்று அம்மன் காலடியில் வைத்து எடுக்காத பொருள் நம் தெருவில் எது? நான்கரை மணி இருக்கும். மயானக் கொள்ளைத் திருவிழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். முனுசாமி அண்ணன் தனியாக இருந்தார். பெட்டியைத் திறந்ததும் அவர் திடுக்கிடுவார் என்று நினைத்தேன்.

"பாப்பாதா?" என்று மட்டும் கேட்டார். "நம்ம அம்மா வாசல்ல இது என்ன புதுசா சார்? குடுங்க."

எலும்பை அம்மன் காலடியில் வைத்தார். ஸ்ப்ளிண்டையும் அங்கேயே வைத்திருக்கலாம். நான்தான், "அண்ணா, இத தட்டுல வெச்சு ஆரத்தி காட்டுங்க. இதுதான் முக்கியம்" என்றேன். பித்தளைத் தட்டு. நடுவில் கற்பூரம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில், குங்குமத்துக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவில், என் மகளின் தாடை எங்கே போக வேண்டும் என்று சொல்லப்போகிற துண்டு. நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். உருகி உருகி, நீண்ட நேரம். அண்ணனும் என்னைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கட்டி கற்பூரம் போட்டிருக்கிறார்.

கண்ணைத் திறந்து அதை எடுத்தபோது, இளஞ்சூடாக இருந்தது.

அந்த நொடியில் அப்பன் தூங்கிப்போய் ஆய்வாளன் விழித்துக்கொண்டான்.

வீட்டில் யாருமில்லை. சமையலறை மேசைமேல் எலும்பை வைத்தேன். ஸ்ப்ளிண்டை ஆறவிட்டு மேல்பற்களில் பொருத்தினேன். உட்கார்ந்தது. வலது மூலையை விரலால் அழுத்தினேன்.

டிக்.

இடது மூலை எழுந்து இறங்கிய சத்தம். மறுபடி அழுத்தினேன். டிக். மிகச் சின்னச் சத்தம். பேனா மூடி போடுகிற அளவுகூட இல்லை. என் பையில் எப்போதும் ஃபீலர் கேஜ் இருக்கும். விசிறி மாதிரி விரிகிற மெல்லிய எஃகு இலைகள். எந்த இலை இடுக்கில் நுழைகிறதோ அதுதான் இடைவெளி. மதியம் எந்த இலையும் நுழைய இடமில்லாத இடத்தில், இப்போது அரை மில்லிமீட்டர் இலை தாராளமாகப் போய் வந்தது.

நான் என்ன செய்தேன் என்று உண்மையைச் சொல்கிறேன். துடைத்து, பெட்டியில் வைத்து, மூடினேன். மதியமே இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர் பார்த்துக்கொள்வார் என்றேன். அரை மில்லிமீட்டர்தானே, இரண்டு வரைக்கும் பரவாயில்லை என்றாரே என்றேன். இந்த மூன்று காரணங்களையும் என் மேசைக்கு எதிரில் நின்று யார் யாரோ சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒருவரையும் நம்பியதில்லை. என்னை நம்பினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம் பெட்டியைக் கொடுத்தேன். "இத ஆவியில போட மாட்டோம் அங்கிள், சூடு பட்டா வளைஞ்சிடும். ரசாயன கேஸ்லதான் சுத்தம் பண்ணுவோம்" என்றார் அந்தப் பெண்.

"அப்படியா?" என்றேன். இருபத்தாறு வருட அனுபவம் பேசிய சொல் அது.

அன்றைய இரவைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுதினாலும் ஒரே ஒரு சத்தம்தான் இருக்கும்.

வேண்டிக்கொண்டேனா? வேண்டிக்கொண்டேன். 'அம்மா, அதை நேராக்கிவிடு, யாருக்கும் தெரியாமல்' என்று. கம்பெனியில் கெட்டுப்போன உருப்படியைக் காகிதத்தில் ஏற்றாமல் திருட்டுத்தனமாகச் சரிசெய்கிறவனைப் பிடித்தால் நான் சும்மா விடமாட்டேன். அந்த வேலையைத்தான் அகில உலகம் ஆளும் தாயிடம் கேட்டேன். அங்காளம்மன் கையில் கபாலம் இருப்பது மட்டும் கண்ணை மூடும்போதெல்லாம் தெரிந்தது. எந்தக் கபாலம் என்று உற்றுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

காலை ஏழு மணிக்குச் சங்கீதாவைத் தள்ளுவண்டியில் அழைத்துப் போனார்கள். பச்சை உடுப்பு, தலையில் தொப்பி. தியேட்டர் கதவு வரைக்கும் நாங்கள் கூடப் போகலாம். மல்லிகா அவள் கையைப் பிடித்தபடி நடந்தாள். கதவருகே வண்டி நின்றது. சங்கீதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு, உதட்டால் மட்டும் சிரிக்கிற அவளுடைய வழக்கமான சிரிப்பு.

"அப்பா, அந்தப் பிளாஸ்டிக்க நீ செக் பண்ணிட்டல்ல?"

"ம்."

"அப்ப சரி. நீ ஓகே சொன்னா போதும். சின்ன வயசுல என் ஜியாமெட்ரி பாக்ஸயே ரிஜெக்ட் பண்ண ஆளாச்சே நீ."

நான் தலையை ஆட்டினேன். ஓகே என்று ஆட்டினேன். வண்டி உள்ளே போனது. கதவு தானாக மூடிக்கொண்டது. தாழ் விழுந்தது.

டிக்.

அதே சத்தம். என் சமையலறை மேசையில் கேட்ட அதே சத்தம். காது கொடுத்த பிரமை என்று படித்தவர்கள் சொல்லலாம். நானும் படித்தவன்தான், சொல்லிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னேனா மனசுக்குள்ளா தெரியாது: 'அம்மா, என்னால சொல்ல முடியல. நீ சொல்ல வை.' அதற்கு முன்பு கேட்டதெல்லாம் வேண்டுதலே இல்லை. இதுதான் முதல் வேண்டுதல்.

நம் அம்மன் கதை உங்களுக்குத் தெரியும். பிரம்மன் தலையைக் கிள்ளிய சிவன் கையில் அந்தக் கபாலம் ஒட்டிக்கொண்டது. உதறினாலும் விழவில்லை. போட்ட சோற்றையெல்லாம் அதுவே தின்றது. ஊர் ஊராக அலைந்தவரை விடுவித்தவள் இவள். புராணம் என்று நான் தள்ளிவைத்திருந்த கதை. அன்றைக்கு என் இரண்டு கையும் அந்தக் கதவைத் தட்டுவதை நானே பார்த்தேன். நான் தட்டவில்லை. தட்டுகிற துணிச்சல் என்னிடம் இல்லை என்பது முந்தின நாள் மாலையிலிருந்து நிரூபணம் ஆகியிருந்தது.

"என்னாங்க, என்ன பண்றீங்க?" என்று மல்லிகா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கதவு திறந்தது. டாக்டர் வீணா தொப்பியும் முகமூடியுமாக வந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கற்பூரம், தட்டு, டிக் சத்தம், அரை மில்லிமீட்டர் இலை. மயக்க மருந்து இன்னும் கொடுக்கவில்லை என்றார். ஐந்து நிமிடத்தில் கொடுத்திருப்பார்களாம். உள்ளே போய் எலும்பையும், உறையைப் பிரித்து ஸ்ப்ளிண்டையும் கொண்டு வந்தார். அங்கேயே நின்று பொருத்தினார். வலது மூலையை அழுத்தினார்.

மூன்று பேருக்கும் கேட்டது.

"பல வருஷமா ஆபரேஷன் பண்றேன் சார்" என்றார் மெதுவாக. "கற்பூரம்னு யாரும் எனக்குக் காரணம் சொன்னதில்ல."

"பல்லுல வெச்சா தெரிஞ்சிருக்காதா மேடம்?" என் குரல் கெஞ்சியது.

அவர் ஸ்ப்ளிண்டைத் திருப்பிப் பார்த்தார். "தெரிஞ்சிருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். கம்பி போட்டு இறுக்கிட்டா இது வளைஞ்சு உக்காந்துடும் சார். வாய்க்குள்ள சத்தம் கேக்காது. தாடை கொஞ்சம் திரும்பியிருக்கும். என் கண்ணுல பட்டிருக்குமான்னா... கொத்தில்லா. தெரியல."

அந்தக் 'கொத்தில்லா' இன்னமும் என்னுடன் இருக்கிறது.

மல்லிகா என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. "கற்பூரமா?" என்று ஒரே ஒரு தடவை, சுவரைப் பார்த்துக் கேட்டாள். திட்டியிருக்கலாம்.

ஆபரேஷனை நிறுத்தி வைத்தார்கள். புதிதாகப் பிரிண்ட் எடுத்து, கழுவி, கெட்டிப்படுத்த அரை நாளாவது ஆகும். அன்றைக்குத் தியேட்டர் கிடைக்காது. அடுத்த தேதி எப்போது என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் மஞ்சுநாத்துக்குப் போன் போட்டேன். அழுதிருக்கிறேன் போலிருக்கிறது; அவர் பிற்பாடு சொன்னார்.

"சார், சார், டென்ஷன் மாட்கோபேடி, பயப்படாதீங்க. உங்களுது பிரிண்ட் போடறப்பவே மிஷின் பிளேட்ல ஒரு மூலை காலி இருந்துச்சு. சும்மா இருக்கட்டும்னு உங்க பாப்பாது இன்னொண்ணு போட்டேன். இங்கயே இருக்கு. நான் செக் பண்ணிட்டு மெட்ரோல வர்றேன்."

ஏன் போட்டீர்கள் என்று பிறகு அவரிடம் பல தடவை கேட்டுவிட்டேன். எல்லாருக்கும் அப்படிப் போடுவீர்களா என்றால் இல்லை என்கிறார். அப்புறம் ஏன் என்றால், "காலி இருந்துச்சு சார்" என்பதற்குமேல் அவரிடம் பதில் இல்லை. அந்த மூலை காலியாக இருந்ததற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. நான் மதியம் பெட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போதே அந்த இரண்டாவது துண்டு அங்கே இருந்திருக்கிறது. நான் தப்பு செய்வதற்கு முன்பே. கேட்பதற்கு முன்பே.

ஒன்பதரை மணிக்கு மஞ்சுநாத் மூச்சு வாங்க வந்தார். டாக்டர் அந்தத் துண்டையும் எலும்பையும் என்னிடம் நீட்டினார். "நீங்கதானே இன்ஸ்பெக்டர். பாருங்க" என்றார். அந்தப் பெருந்தன்மையை நான் சாகும்வரை மறக்க முடியாது. பொருத்தினேன். வலது மூலை. இடது மூலை. முன்பக்கம். என்னிடம் இருந்ததிலேயே மெல்லிய இலையை எடுத்தேன். எங்கேயும் நுழையவில்லை. எந்தச் சத்தமும் இல்லை. அவ்வளவு அழகான ஒன்றுமின்மையை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

டாக்டரிடம் சொன்னதையெல்லாம் சங்கீதாவிடமும் போய்ச் சொன்னேன். ஓகே என்று தலையாட்டியது பொய் என்றும் சொன்னேன். அவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். "இப்ப ஓகேவா?" என்றாள். "இப்ப ஓகே" என்றேன். "கையெழுத்து போடு" என்று உள்ளங்கையை நீட்டினாள். பேனாவால் போட்டேன். நர்ஸம்மா வந்து, கையில் மை இருக்கக் கூடாது என்று துடைத்துவிட்டார்.

புதுத் துண்டையும் கேஸில் சுத்தம் செய்தபின், ஆபரேஷன் பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிந்தது. நான்கரை மணி நேரமும் நானும் மல்லிகாவும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று மணிக்கு அவள் அந்த இடத்தில் தன் பையை வைத்தாள். கொஞ்சம் கழித்துப் பையை எடுத்துவிட்டு அவளே நகர்ந்து வந்தாள்.

பிற்பாடு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். திட்டமிட்ட தாடை ஒரு நிறம், வந்த தாடை ஒரு நிறம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக் காட்டினார் டாக்டர். பிரித்துப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எங்கே பார்த்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் உள்ளேதான் என்றார். நான் எவ்வளவு என்று கேட்கவில்லை. சங்கீதா ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள்.

வீக்கம் வடிய, கஞ்சியும் ஜூஸுமாக வாரங்கள் ஓடின. டாக்டர் அனுமதித்த அன்று, முனைக்கடை பேக்கரியில் ஒரு காரா பன் வாங்கி, அங்கேயே நின்று முன்பல்லால் கடித்தாள். கடித்த இடத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். பன்னில் ஒரு பிறை. இரண்டு பக்கமும் சமம். "அளந்துக்கோ" என்றாள். அளக்கவில்லை. கண் மறைத்தது. இப்போது கேமராவைப் போட்டுக்கொண்டுதான் மீட்டிங்கில் பேசுகிறாள். சிரித்தால் பல் தெரிகிறது.

வளைந்த ஸ்ப்ளிண்டை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மனிடமே கொண்டுபோனேன். முனுசாமி அண்ணன் அதை மஞ்சள் துணியில் முடிந்து சூலத்தில் கட்டினார். உள்ளே இருப்பது அதுதான். எலும்பு எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதில் இன்னமும் பழைய சாய்வு. மகள் நேராகிவிட்டாள், அது மட்டும் மாறவில்லை. அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அது என்னைப் பார்க்கிறது. ஸ்விட்ச் போட்டால், பேனாவை மூடினால், காரில் யாராவது சீட் பெல்ட் மாட்டினால் எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. அதை எடுத்துவிடு என்று நான் அம்மனிடம் கேட்பதில்லை. இருக்கட்டும். கம்பெனியில் ஒரு உருப்படியில் என் கை தவறினால், இப்போது அது கேட்கிறது. நானே போய்ச் சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கெல்லாம் நன்றாகத் தூங்கினேன். கிண்டல் கட்டுரைகளில் என்னைத் தவிர வேறு யாரையும் இப்போது கிண்டல் செய்வதில்லை. சரக்கு தீரவில்லை.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது தொண்டையில் ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தால், உதறினாலும் விழாமல், தின்கிற சோற்றையெல்லாம் அதுவே தின்றுகொண்டு இருந்தால், ஒரு வெள்ளிக்கிழமை அவளிடம் போய் நில்லுங்கள். யாருக்கும் தெரியாமல் சரிசெய் என்று கேட்காதீர்கள். அதைச் செய்ய மாட்டாள், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். சொல்ல வை என்று கேளுங்கள். வாய் திறப்பதற்குள், எங்கேயோ ஒரு காலி மூலையில், உங்களுக்கானதை அவள் வைத்து முடித்திருப்பாள். நான் நம்புகிறேன். என் மகளின் சிரிப்புமேல் கை வைத்துச் சொல்கிறேன்.

எழுதி முடித்ததும் இதை முனுசாமி அண்ணனிடம் கொண்டுபோய், வரி விடாமல் படித்துக் காட்டினேன். விளக்குக்குத் திரி திரித்தபடி கடைசிவரைக்கும் பொறுமையாகக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்ட மாதிரிகூட இருந்தது.

"எல்லாம் சரி சார்" என்றார். "அன்னைக்கு நீங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா, அம்மாவுக்கு இவ்ளோ வேலையே இருந்திருக்காதே."